அரைக் கிலோ பித்தளைக் காப்பு

ரிட்டயர் ஆனவனுக்கு ஊரெல்லாம் வாத்தியாருங்க. வாக்கிங் போன்னு ஒருத்தன், யோகால சேருன்னு ஒருத்தி, கோயில் கமிட்டில வந்து உக்காருங்கன்னு மச்சான். நான் எதுக்கும் போகல. ஒரு லேத் வாங்கினேன். இரும்பையும் பித்தளையையும் கிறுகிறுன்னு சுத்த விட்டு, கூரான டூலை அது மேல வெச்சு சீவிச் சீவி உருவம் கொண்டு வர்ற மிஷின். அப்பாவுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு மக சொன்னா. அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல.

நான் வேலை பார்த்தது ஒரு பெரிய மிஷின் ஃபாக்டரிலதான். ஆனா டைம் ஆபீஸ்ல. லீவு கணக்கு, ஓவர்டைம் கணக்கு, லேட்டா வந்தவன் கணக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையா லேத் ஓடும். இந்தப் பக்கம் நான் பேனாவைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். எங்கப்பா கோலார் தங்கவயல்ல சுரங்கத்துக்குள்ள இறங்கி நெஞ்சு பூரா தூசி வாங்கினவர். 'நீயாவது வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலில உக்காருடா'ன்னு என்னை பெங்களூரு ரயில்ல ஏத்தி விட்டார். உக்காந்தேன். உக்காந்து உக்காந்து இடுப்பு போனதுதான் மிச்சம். அந்த மிஷினை ஒரு நாளாவது என் கையால ஓட்டிப் பாத்துடணும்ங்கற நமைச்சல் மட்டும் போகல.

அப்புறம் இந்த போன் வேற. எங்கயோ குளிர் தேசத்துல என் வயசுக் கிழவனுங்க வீட்டுக் கொல்லையில லேத் வெச்சிக்கிட்டு, உள்ளங்கை அளவுக்கு நீராவி இன்ஜின் செஞ்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஓட விடறானுங்க. பாக்கப் பாக்க வயித்தெரிச்சல். அவனுக்கு இருக்கிற ரெண்டு கைதானே எனக்கும் இருக்கு? சிவாஜிநகர்ல பழைய இரும்புச் சாமான் விக்கிற குஜிரிச் சந்துக்குப் போய், துருப்பிடிச்சு ஓரமா கிடந்த ஒரு சின்ன லேத்தைப் புடிச்சேன். "மில்ட்ரி மால் சாப், உங்க பேரப்பசங்க காலத்துக்கும் ஓடும்"னார் கடைக்கார பாய். டெம்போல போட்டு ஜோகுபாளையம் வீட்டுக்குக் கொண்டு வந்து மாடிப்படிக்குக் கீழ இறக்கினேன்.

என் பொண்டாட்டி வாசல்ல நின்னு பாத்தா. இடுப்புல கை வெச்சிருந்தா.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இந்த வயசுல ரெண்டாந்தாரம் கூட்டியாந்து படிக்கட்டு அடியில குடி வெக்கறீங்களே, ஊர் சிரிக்காது?"

"ரெண்டாந்தாரம் எதுத்துப் பேசாது"ன்னேன்.

"இன்னும் கரண்டு குடுக்கல இல்ல? குடுத்துப் பாருங்க, அப்ப தெரியும்"னா.

அவ சொன்னபடியே ஆச்சு. கரண்டு குடுத்தா அது போட்ட கூச்சல்ல மாடி வீட்டு குடித்தனக்காரர் இறங்கி வந்து, "ஏன் சார் இது, தலெ நோவு"ன்னு கன்னடத்துல சண்டைக்கு நின்னார். நான் செஞ்ச முதல் பம்பரம் குடிகாரன் மாதிரி தள்ளாடிச்சு. சூடான உலோகச் சுருள் பனியனுக்குள்ள விழுந்து நெஞ்சைப் பொசுக்கிச்சு. டூல் உடைஞ்சுது. ஆனாலும் பித்தளை மேல டூல் சரியா உக்காந்து, பொன்னு மாதிரி தூள் பறக்கறப்ப ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதுக்காக எத்தனை திட்டு வேணாலும் வாங்கலாம். அந்த ஒரு வருஷம் நான் நல்லா இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

ஆயுத பூஜை வந்துச்சு. சக்களத்தியா இருந்தாலும் மஞ்சள் குங்குமம் வெக்கணும்னு சொல்லிக்கிட்டே தட்டோட வந்தா பொண்டாட்டி. மிஷின் தலையில சந்தனம் தடவி, மோதிர விரல்ல குங்குமம் எடுத்து வெச்சா. பொட்டு வட்டமா விழல. கோடு கோடா இழுத்துக்கிட்டுப் போச்சு.

"கையை ஆட்டாம வை"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

"நான் எங்க ஆட்டறேன்? அதுவா ஆடுது"ன்னா.

கையைத் தூக்கிக் காட்டினா. மழையில நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிட்டு இருந்துச்சு. எவ்ளோ நாளான்னு கேட்டேன். மாம்பழ சீசன்லருந்துன்னா. கோலத்தை ஏன் நிறுத்தினே, டீயை ஏன் அரை டம்ளர் குடுக்கறேன்னு நான் கேக்காத கேள்விக்கெல்லாம் எனக்கு அப்பதான் பதில் கிடைச்சுது. டாக்டர் நரம்பு நோய்ன்னார். மாத்திரை கொஞ்ச நாள் தாங்கும், ஆனா இது போகப் போக ஜாஸ்திதான் ஆகும்னு ஒளிக்காம சொல்லிட்டார். நல்ல மனுஷன். அவர் மேல கோவப்பட வழியில்லாம ஆஸ்பத்திரி ஆட்டோ ஸ்டாண்டுல ஒரு டிரைவரோட சண்டை போட்டேன்.

அவ சாப்பிடறதை நீங்க பாத்திருக்கணும். எல்லாருக்கும் போட்டு முடிச்சுட்டுக் கடைசியா உக்காருவா. குழம்பை ஊத்தி, சோத்தை நல்லா அழுத்திப் பிசைஞ்சு, ஒவ்வொரு கவளத்தையும் அனுபவிச்சுத் தின்பா. தட்டை வழிச்சு விரலை நக்கி முடிக்கிற வரைக்கும் யாரும் கிட்ட போகக் கூடாது. போன் அடிச்சா அடிக்கட்டும், வாசல்ல ஆள் நின்னா நிக்கட்டும். கல்யாணமான நாளா அந்த வீட்ல அவளுக்குன்னு இருந்த நேரம் அது ஒண்ணுதான்.

அந்தக் கைதான் போக ஆரம்பிச்சுது. அவ அக்கா மக கல்யாணத்துல பந்தியில உக்காந்தோம். சோறு வாய்க்குப் போறதுக்குள்ள பாதி புடவையில. ரசம் மணிக்கட்டு வழியா முழங்கை வரைக்கும் ஓடுது. பக்கத்து இலையில இருந்த பொண்ணு நல்ல மனசோடதான் கேட்டுச்சு, "ஐயோ பாவம், நான் ஊட்டி விடட்டா அத்தை?"ன்னு. இவ இலையை மூடிட்டு எழுந்துட்டா. இன்னும் பாயசம் கூட வரல.

வர்ற வழியில வண்டில வெச்சு சொன்னா: "என் கையால தின்ன முடியற வரைக்கும் தின்பேன். யாரும் எனக்கு ஊட்டக் கூடாது. நீங்களும்தான். புரியுதா?"

புரிஞ்சுது. அன்னியோட நீராவி இன்ஜின் ஆசையைத் தூக்கிப் பரண் மேல போட்டேன். எனக்கு அதுக்கப்புறம் ஒரே வேலைதான், அவ கையால அவ சோறு தின்னணும்.

மொதல்ல மக வைட்ஃபீல்டுலருந்து மெட்ரோல ஒரு ஸ்பூன் கொண்டாந்தா. கை நடுங்கறவங்களுக்குன்னே செஞ்சது, தடிமனான புடி. நான் அதைவிட நல்லா செய்றேன் பாருன்னு பித்தளையில வழவழன்னு ஒரு புடி கடைஞ்சு மாட்டினேன். அவ ரெண்டையும் ஓரமா வெச்சுட்டா. "ஸ்பூன்ல சோறு தின்னா மருந்து முழுங்கற மாதிரி இருக்கு. பொறந்ததுலருந்து கையால தின்னவளுக்குக் கரண்டி எதுக்கு?"ன்னா. நியாயம்தானே? வாய்க்குள்ள போறதுக்கு முன்னாடி விரலுக்குத் தெரியணும் சோறு. இது எனக்கும் மகளுக்கும் தோணல பாருங்க, அறிவுக்கொழுந்துங்க.

ஆஸ்பத்திரில பயிற்சி சொல்லிக் குடுக்கிற அம்மா மணிக்கட்டுல ஒரு மணல் பையைக் கட்டி விட்டாங்க. கனம் இருந்தா நடுக்கம் அடங்கும்னாங்க. நெஜமாவே அடங்கிச்சு! ஆனா துணிப் பை. ஒரே நாள்ல சாம்பார் ஊறி நாறிப் போச்சு. "சாணி மூட்டையைக் கையில கட்டிக்கிட்டு மனுசி சாப்பிடுவாளா?"ன்னு அவுத்து வீசிட்டா. அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. துணி எதுக்கு? கனமா ஒரு காப்பு செஞ்சுட்டா? பித்தளையில. கழுவலாம், துடைக்கலாம், பொம்பளை கையில பாக்கவும் லட்சணமா இருக்கும்.

குஜிரிக்கு ஓடினேன். ஏதோ பெரிய மிஷின்லருந்து கழட்டின தடிச்ச பித்தளை வளையம் ஒண்ணு கிடைச்சுது. உன் வளையல் அளவு என்னன்னு அவளைக் கேட்டேன். ரெண்டு ஆறுன்னா. நான் டைம் ஆபீஸ்காரன் இல்லையா? ரெண்டுக்கு அப்புறம் புள்ளி வெச்சு ஆறு போட்டேன். ரெண்டு பாயின்ட் ஆறு இஞ்சுக்கு, வெர்னியர் அளவுகோல் வெச்சுப் பாத்துப் பாத்து, மயிரிழை பிசகாம உள்துளை சீவினேன். மாட்டி விட்டேன். தட்டுல கை வெச்சா. காப்பு கழண்டு டங்குன்னு விழுந்துச்சு. சாம்பார் பூரா என் சட்டையில. அவ விழுந்து விழுந்து சிரிச்சா. பழைய கண்ணாடி வளையல் ஒண்ணை எடுத்து அளந்து பாத்தப்புறம்தான் என் முட்டாள்தனம் தெரிஞ்சுது. வளையல் கணக்குல ரெண்டு ஆறுன்னா ரெண்டு இஞ்சு, அதுக்கு மேல ஒரு இஞ்சைப் பதினாறா பங்கு போட்டதுல ஆறு பங்கு. அதை இந்த ஊர்ல வளையல் போடற சின்னப் பொண்ணுக்குக் கூடத் தெரியும்.

"இவ்ளோ வருசம் என் கையைப் புடிச்ச மனுசனுக்கு என் கை அளவு தெரியல"ன்னு கிண்டல் பண்ணா. லேத்துல சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்தக் கர்மத்தைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் குஜிரிக்குப் போனேன்.

ரெண்டாவது காப்பு சரியா அமைஞ்சுது. அரைக் கிலோ கிட்ட வரும். ஓரத்தையெல்லாம் உருட்டி, கை படற பக்கம் கண்ணாடி மாதிரி தேச்சுக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை, மட்டன் குழம்பு, மகளும் வந்திருந்தா. இவ காப்பு போட்ட கையைத் தட்டுல வெச்சா. பிசைஞ்சா. தூக்கினா. மெதுவா, ரொம்ப மெதுவா, ஒரு பருக்கை சிந்தாம வாய்க்குப் போச்சு. அப்புறம் நல்லி எலும்பை எடுத்துத் தட்டுல தட்டி உறிஞ்சினா. நாங்க ரெண்டு பேரும் அப்பிடியே உக்காந்திருந்தோம்.

"இன்னா, என் வாயையே பாக்கறீங்க? தின்னுங்க, ஆறிடும்"னா.

நான் தண்ணி எடுக்கிற மாதிரி எழுந்து படிக்கட்டு அடிக்குப் போய் மிஷினைப் புடிச்சிக்கிட்டு அழுதேன். ஆபீஸ்ல எத்தனையோ வருஷம் குப்பை கொட்டினேன், ஒரு நாளும் அப்படி ஒரு கர்வம் வந்ததில்ல.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. புளிக்குழம்பு பட்டுப் பட்டு காப்பு நல்லா பளபளன்னு ஆச்சு, அவ கைதான் இளைச்சுக்கிட்டே போச்சு. ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவுல கையைத் தட்டு ஓரத்துல வெச்சுட்டு, "கனமா இருக்குங்க"ன்னா. கழட்டி எடுத்துட்டுப் போய் வெளிப்பக்கம் கொஞ்சம் சீவினேன். கனம் குறைஞ்சுது, தூக்கினா. ஆனா கனம் குறைஞ்ச அளவுக்கு நடுக்கம் திரும்பி வந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் கனம்னா. மறுபடியும் சீவினேன். கனமா வெச்சா தூக்க முடியல, சீவினா நடுங்குது. எந்தப் பக்கம் போனாலும் சுவரு. ஒவ்வொரு தடவையும் மிஷினை நிறுத்தறப்ப, இதுக்கு மேல சீவறதுக்கு அதுல என்ன இருக்குன்னு பாப்பேன்.

சோத்தைப் பிசைய அவளுக்குத் தெம்பு இல்லாம போனப்ப, நான் பிசைஞ்சு உருட்டி அவ உள்ளங்கையில வெக்க ஆரம்பிச்சேன். மொட்டை மாடில கொழந்தைங்களை வட்டமா உக்கார வெச்சு உருண்டை குடுப்போமே, அது மாதிரி. அதுக்கு ஒத்துக்கிட்டா. உருண்டை என்னோடது, வாய்க்குக் கொண்டு போற கை அவளோடது. அது ஊட்டறது ஆகாதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசாமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்.

மகளுக்குப் பொறுக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை வெடிச்சுட்டா. ஒரு உருண்டையை வாய்க்குக் கொண்டு போக அவங்கம்மா பட்ட பாட்டைப் பாத்துட்டு, "போதும்ப்பா! இன்னும் எத்தினி நாளைக்கு அம்மாவைப் போட்டு இந்தப் பாடு படுத்துவே? அரைவயித்துக்குக் கூட சாப்பிடல அவங்க. ஆள் வெச்சு ஊட்டிடலாம். அந்த மிஷினைத் தூக்கிக் குப்பையில போடு"ன்னு கத்தினா.

"உங்கம்மாவைக் கேளு. அவதான் ஊட்டக் கூடாதுன்னா"ன்னு நானும் கத்தினேன்.

அவ எங்க ரெண்டு பேரையும் பாத்தா. நோய் அதுக்குள்ள முகத்தையும் தின்னுடுச்சு. சிரிக்கறாளா, அழறாளா, கோவமா, எதுவும் தெரியாது. குரலும் கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரிதான் வரும்.

"அவரை ஒண்ணும் சொல்லாத"ன்னா மககிட்ட. "அவருக்கு வேற இன்னா தெரியும்? செஞ்சுட்டுப் போறாரு."

மக அழுதுக்கிட்டே கிளம்பிப் போயிட்டா. நான் அங்கயே உக்காந்திருந்தேன். அப்ப, இவ இத்தனை நாளா அந்தக் காப்பைப் போட்டுக்கிட்டது யாருக்காக? அவளுக்காகவா, இல்ல எனக்கு ஒரு வேலை இருக்கட்டும்னா? கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பதில் தெரிஞ்சுடுமேன்னு பயந்து கேக்கல. சாமி கும்பிடறதை அந்த வாரத்தோட விட்டுட்டேன். என்னத்தைக் கேக்கறது அவர்கிட்ட?

கடைசியா சீவினது ஒரு மத்தியானம். காப்பு வெறும் வளையல் கனத்துக்கு வந்திருந்துச்சு. அப்பவும் கனம்னு சொன்னா. வெளிப்பக்கம் சீவணும்னா, மிஷினோட மூணு தாடையையும் காப்புக்கு உள்ள விட்டு விரிச்சுப் புடிக்கணும். தடிச்ச உலோகம் அதைத் தாங்கும். மெல்லிசானது தாங்காது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும், கழண்டு வந்துடுமோங்கற பயத்துல ஒரு சுத்து கூட இறுக்கினேன். மூணு பக்கமும் பிதுங்கிக்கிட்டு முக்கோணமா போச்சு. டூல் பட்டதும் ஒரு பக்கம் கிழிஞ்சு, தகரத் துண்டு மாதிரி சுருண்டு, சுவத்துல போய் அடிச்சுது.

சுவிட்சை அணைச்சேன். யாரைத் திட்டறதுன்னு தெரியாம எல்லாரையும் திட்டினேன். மிஷினை, குஜிரி பாயை, அந்தக் குளிர் தேசத்துக் கிழவனுங்களை, என்னை. மாடில ஜன்னலைச் சாத்தற சத்தம் கேட்டுச்சு. புதுசா ஒரு வளையம் வாங்கணும், இப்பவே கிளம்பினா கடை மூடறதுக்குள்ள சிவாஜிநகர் போயிடலாம்னு கையைக் கழுவிக்கிட்டிருந்தேன்.

"பசிக்குது"ன்னு உள்ளருந்து குரல் வந்துச்சு.

தட்டை எடுத்துட்டுப் போனேன். ரசம் சாதம். குழையக் குழையப் பிசைஞ்சு, சின்னதா ஒரு உருண்டை உருட்டினேன். "காப்பு ஒடைஞ்சு போச்சு. நாளைக்குள்ள புதுசு ஒண்ணு செஞ்சிடறேன். இன்னிக்கு ஒரு வேளைக்குச் சும்மா கையிலயே வாங்கிக்க"ன்னு உருண்டையை அவ உள்ளங்கைக்கு நேரா நீட்டினேன்.

கை மடியிலயே கிடந்துச்சு. நடுங்கிக்கிட்டே கிடந்துச்சு. அவ என்னை நிமிந்து பாத்து வாயைத் திறந்தா.

"கையை நீட்டு"ன்னேன்.

நீட்டல.

"அடி கையை நீட்டுடி! நீதானே சொன்னே, யாரும் ஊட்டக் கூடாதுன்னு? நீட்டு!" வீடு அதிரக் கத்தினேன். வாயை மூடிக்க மாட்டாளா, மூஞ்சியைத் திருப்பிக்க மாட்டாளா, அந்தப் பழைய நாக்கால நறுக்குன்னு ஒரு வார்த்தை திட்ட மாட்டாளான்னு காத்திருந்தேன்.

அவ வாயை மூடல.

ஊட்டினேன். மென்னா. முழுங்கினா. மறுபடியும் திறந்தா.